அம்மாவின் மச்சமும் ஒரு சின்னக் கேமராவும்

(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில், தேநீர் இடைவேளைக்குப் பிறகு பி பிளாக் உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம். “புதுசா கேமரா வாங்கினீங்களாமே, அதப் பத்தி ஒரு பத்து நிமிஷம் பேசுங்க சார்” என்று செயலாளர் கேட்டுக்கொண்டார். பத்து நிமிடம் இருபது நிமிடமானது. யாரும் எழுந்து போகவில்லை.)



முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் போட்டோகிராபர் இல்லை. முப்பத்து நாலு வருஷம் கணக்குப் பிரிவில் உட்கார்ந்து வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். கேமராவைப் பற்றி என்னைவிட அதிகம் தெரிந்த பிள்ளைகள் இந்த ஹாலிலேயே நாலைந்து பேர் இருக்கிறார்கள். எனக்கு இருக்கிற தகுதி ஒன்றுதான். நாலு மாசம் முன்னால் சொந்தப் பணத்தில் ஒரு சின்ன டிஜிட்டல் கேமரா வாங்கினேன். வாங்குவதற்கு முன்னும் தப்புப் பண்ணினேன், வாங்கின பிறகும் பண்ணினேன். அதைச் சொன்னால் உங்களில் யாருக்காவது பணமோ நேரமோ மிச்சமாகும்.

லிஃப்டில் பார்க்கிறவர்கள் எல்லோரும் என்னைக் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. “போன்லயே எல்லாம் வருதே சார், இது எதுக்கு?” நியாயமான கேள்வி. என் வீட்டுக்காரம்மாவும் அதைத்தான் கேட்டார். கூடவே, “ஏங்க, இந்தக் காசுக்கு பெட்ரூமுக்கு ஒரு ஏசி போட்டிருக்கலாமே” என்றும் சொன்னார். அதற்குப் பதில் சொல்ல அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

உங்களில் பலருக்கு என் அம்மாவைத் தெரியும். சாயங்காலம் ஆனால் லிஃப்ட் பக்கத்தில் நீல நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். போகிற வருகிற குழந்தைகளை எல்லாம் “நீ எந்த வீட்டுப் புள்ள?” என்று கேட்பார். போன வருஷம் ஆடி மாசம் தவறிப்போனார். எண்பத்தேழு வயது. பதினாறாம் நாள் காரியத்துக்கு ஹாலில் வைக்க ஒரு படம் வேண்டும் என்று போனைத் தேடினோம். முந்நூறு படத்துக்கு மேல் இருந்தது. சிரித்த மாதிரி இருந்த ஒன்றைத் தேர்ந்தெடுத்து, பெரிதாகப் பிரிண்ட் போட்டு, கண்ணாடிச் சட்டம் மாட்டி, மாலையும் போட்டாயிற்று.

பாகூரிலிருந்து சித்தி வந்தார். அம்மாவுக்கு நேர் தங்கை. படத்தின் முன்னால் நின்று ரொம்ப நேரம் பார்த்தார். அழவில்லை. என்னைக் கூப்பிட்டு, “அக்கா மாதிரியே இல்லியேடா. மச்சம் எங்கடா?” என்றார்.

அம்மாவுக்கு இடது கன்னத்தில் மிளகு அளவுக்கு ஒரு மச்சம் உண்டு. படத்தில் அது இல்லை. சுருக்கமும் இல்லை. போன் தானாகவே முகத்துக்கு இஸ்திரி போட்டிருந்தது. சின்னத் திரையில் பார்க்கும்போது ‘அம்மா பளிச்சுனு இருக்காங்க’ என்று நாங்களே சந்தோஷப்பட்ட படங்கள்தான் அவை. பெரிதாக்கினால் மெழுகுப் பொம்மை. ராத்திரி உட்கார்ந்து முந்நூறு படத்தையும் பார்த்தேன். நல்ல வெயிலில் எடுத்த இரண்டு மூன்றில் மட்டும் மச்சம் மங்கலாகத் தெரிந்தது. கடைசியில், 1998-ல் என் மகள் பெயர் சூட்டும் நாளில் ஃபிலிம் கேமராவில் எடுத்த ஒரு குரூப் போட்டோவைக் கண்டுபிடித்து, அதிலிருந்து அம்மா முகத்தை மட்டும் ஸ்டூடியோவில் எடுத்துத் தரச் சொன்னோம். இப்போது வீட்டில் மாட்டியிருப்பது அதுதான். அதில் அம்மாவுக்கு அறுபது வயது. எங்களோடு இந்தக் கட்டடத்தில் இருந்த அந்த எண்பது வயது அம்மா எங்களிடம் இல்லை.

அந்த அழகுபடுத்தும் வசதியை போனிலேயே அணைத்துவைக்கலாம் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. உங்கள் போனிலும் கேமராவைத் திறந்து, ‘பியூட்டி’ என்றோ முகம் போன்ற ஒரு குறியோ இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் சுழியத்துக்குக் கொண்டுவாருங்கள். இன்றைக்கு நான் சொல்வதில் இது ஒன்றை மட்டும் செய்துவிட்டு நீங்கள் வீட்டுக்குப் போனாலும் எனக்குத் திருப்திதான். கேமரா வாங்கவே வேண்டாம்.

பிறகு நான் ஏன் வாங்கினேன்? அணைத்த பிறகும் வீட்டுக்குள் குழல்விளக்கு வெளிச்சத்தில் எடுத்தால் போன் தோலை வழவழவென்று மெழுகிவிடுகிறது. வெளிச்சம் போதாதபோது படத்தில் வரும் புள்ளிகளைத் துடைக்கிற வேலை அது. புள்ளியோடு சுருக்கத்தையும் துடைத்துவிடுகிறது. இன்னொன்று, போனில் நாம் சாதாரணமாக எடுப்பது அகலமான லென்ஸ். முகம் பெரிதாக வர வேண்டும் என்று இரண்டடி தூரத்துக்குப் போய்விடுகிறோம். அவ்வளவு கிட்டத்தில் மூக்கு பெரிதாகும், காது பின்னால் போய் ஒளிந்துகொள்ளும். ஆறேழு அடி தள்ளி நின்று, ஜூம் பண்ணி எடுத்தால்தான் மனுஷர் மனுஷராக இருப்பார்.

கடைக்குப் போன கதைக்கு வருகிறேன். முதலில் இங்கே நேரு வீதியில் விசாரித்தேன், அப்புறம் சென்னைக்குப் போனேன். இந்தச் சின்னக் கேமராக்கள் ஒரு காலத்தில் எல்லாக் கடையிலும் கொட்டிக் கிடந்தவை. 2010-ல் ஜப்பான் கம்பெனிகள் மட்டும் உலகம் முழுக்க 10 கோடிக்கு மேல் அனுப்பியிருக்கின்றன. 2023-ல் அது 20 லட்சம்கூட இல்லை. போன் வந்து விழுங்கிவிட்டது. இப்போது காலேஜ் பிள்ளைகள் மறுபடி தேடுகிறார்களாம். 2024-ல் ஃபியூஜிஃபிலிம் கொண்டுவந்த எக்ஸ்100-6 என்ற கேமராவுக்குப் பல ஊர்களில் மாசக்கணக்கில் காத்திருந்தார்கள். ஆக, கடையில் இருக்கும் வகைகள் குறைவு, விலை அதிகம்.

முதல் கடையில் எனக்கு ஒரு கேமராவைக் காட்டி, “நாப்பது மடங்கு ஜூம் சார், நிலாவுல இருக்கிற பள்ளம் தெரியும்” என்றார்கள். எடுத்துக் காட்டவும் செய்தார்கள். நான் அசந்துபோய் பர்ஸைத் தொட்டுவிட்டேன். நல்லவேளை, ஏடிஎம் கார்டை வீட்டில் வைத்துவிட்டுப் போயிருந்தேன். பஸ்ஸில் திரும்பி வரும்போதுதான் யோசித்தேன், நிலாவில் பள்ளத்தைப் பார்த்து நான் என்ன செய்யப் போகிறேன்?

இரண்டாவது கடைக்குப் போனபோது அம்மாவின் அந்த மெழுகுப் படத்தைக் கையில் எடுத்துப் போனேன். “இந்த மாதிரி வரக் கூடாது. அதுக்கு எது வேணும்?” என்று கேட்டேன். அங்கே இருந்த பையனுக்கு இருபத்தைந்து வயது இருக்கும். மெகாபிக்சல், ஜூம் எதையும் பேசவில்லை. மூன்று கேமராக்களை எடுத்துக்கொண்டு என்னை வாசலுக்குக் கூட்டிப்போய் நிழலில் நிற்க வைத்து, ஒரே இடத்தில், ஒரே தூரத்தில் மூன்றிலும் என் முகத்தை எடுத்தான். அப்புறம் திரையில் என் தாடையைப் பெரிதாக்கிக் காட்டினான். அன்றைக்கு நான் ஷேவ் பண்ணவில்லை. முதல் இரண்டில் சாம்பல் பூசின மாதிரி இருந்தது. மூன்றாவதில் ஒவ்வொரு முடியும் தனித்தனியாக நின்றது. அதைத்தான் வாங்கினேன். கம்பெனி பெயர் சொல்ல மாட்டேன், சங்க மேடையில் விளம்பரம் கூடாது என்று செயலாளர் ஏற்கெனவே சொல்லிவிட்டார்.

வித்தியாசம் எங்கே என்று அந்தப் பையன் விளக்கினான். உள்ளே படம் விழுகிற சில்லுக்குப் பெயர் சென்சார். விலை குறைந்த சின்னக் கேமராக்களில் அது ஏறக்குறைய 6 மில்லிமீட்டர் நீளம், நாலரை மில்லிமீட்டர் அகலம். நான் வாங்கினதில் 13.2-க்கு 8.8. பரப்பளவு நாலு மடங்கு. மழையில் டம்ளர் வைப்பதற்கும் அண்டா வைப்பதற்கும் உள்ள வித்தியாசம் மாதிரி, அதே நேரத்தில் இதில் அதிக வெளிச்சம் விழும். வெளிச்சம் நிறைய இருந்தால் துடைக்கிற வேலை குறைவு. சட்டைப் பையில் போடுகிற கேமராவில் இந்த அளவு சென்சாரை முதலில் வைத்தது சோனி, 2012-ல். இதற்கு ‘ஒரு இஞ்ச் சென்சார்’ என்று பெயர். கணக்குப் பிரிவு ஆள் ஆச்சே, அளந்து பார்த்தேன், எந்தப் பக்கமும் ஒரு இஞ்ச் வரவில்லை. பழைய டிவி கேமராக் குழாய் காலத்துப் பெயராம், மாற்றாமல் வைத்திருக்கிறார்கள்.

ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டும். பத்துப் பதினைந்தாயிரத்துக்குக் கிடைக்கிற சின்ன சென்சார் கேமரா, இரவிலோ வீட்டுக்குள்ளோ உங்கள் நல்ல போனைவிட மேலாக எடுக்காது. தூரத்தில் இருக்கும் பறவையைப் பகலில் எடுக்க அது உதவும். மற்றபடி அந்தப் பணத்தைப் போட வேண்டாம்.

மெகாபிக்சல் பற்றியும் ஒரு கணக்கு. நாம் ஆல்பத்தில் வைக்கிற ஆறுக்கு நாலு இஞ்ச் படத்தை நன்றாகப் பிரிண்ட் போட இஞ்சுக்கு 300 புள்ளி வேண்டும். 1800-ஐ 1200-ஆல் பெருக்குங்கள். இருபத்தொரு லட்சத்து அறுபதாயிரம். அதாவது இரண்டு மெகாபிக்சல் சொச்சம். சுவரில் மாட்டுகிற ஏ3 அளவுக்கே பதினேழரை போதும். என்னுடையது 20. இதற்கு மேல் எவ்வளவு சொன்னாலும் எனக்கு அது வெறும் எண்.

ஜூமில் ஆப்டிகல் என்றால் லென்ஸ் உண்மையாகவே நகர்கிறது. டிஜிட்டல் ஜூம் என்றால் படத்தை வெட்டிப் பெரிதாக்குகிறது, அதை நீங்களே வீட்டில் செய்துகொள்ளலாம். என்னுடையதில் ஆப்டிகல் மூன்று மடங்குக்குக் கொஞ்சம் குறைவுதான். முகத்துக்கு அது தாராளம்.

பில் கட்டாயம் வாங்குங்கள். 18 சதவீத ஜிஎஸ்டி உண்டு, “பில் இல்லாம எடுத்துக்கிட்டா குறைச்சுத் தரேன்” என்பார்கள். வெளிநாட்டிலிருந்து பெட்டியில் வந்த சரக்குக்கு இங்கே கம்பெனி வாரண்டி கிடைக்காது. லென்ஸ் உள்ளே போய் வெளியே வருகிற கேமராவில் கெடுவதே அந்த லென்ஸ் மோட்டார்தான், வாரண்டி இல்லாமல் மாட்டிக்கொள்ளாதீர்கள்.

வாங்கி வந்ததும் சோதித்துப் பார்க்க வேண்டும். செய்தித்தாளை விரித்துச் சுவரில் நாலு மூலையும் ஒட்டுங்கள். கேமராவை ஒரு ஸ்டூலில் நேராக வைத்து எடுங்கள். நாலு மூலை எழுத்தும் ஒரே மாதிரி படிக்க முடிய வேண்டும். ஒரு மூலை மட்டும் மங்கினால் லென்ஸ் கோணலாக உட்கார்ந்திருக்கிறது, மாற்றிக் கேளுங்கள். மெமரி கார்டிலும் போலி நிறைய. 64 ஜிபி என்று எழுதியிருக்கும், பாதிக்கு மேல் எழுதினால் அழிந்துபோகும். கம்ப்யூட்டரில் முழுக்க நிரப்பிப் பார்த்துத் திரும்ப எடுத்துவிடுங்கள். எச்2டெஸ்ட்டபிள்யூ என்று ஒரு இலவச நிரல் இதற்கென்றே இருக்கிறது, பேரப்பிள்ளைகளைக் கேட்டால் போட்டுத் தருவார்கள்.

நான் இதையெல்லாம் ஒழுங்காகச் செய்துவிட்டு ஒன்றைக் கோட்டைவிட்டேன். தேதி வைக்க மறந்துவிட்டேன். முதல் இருநூறு படமும் ஏதோ ஒரு வருஷம் ஜனவரி 1-ஆம் தேதி எடுத்ததாகக் காட்டுகிறது. கணக்குப் பிரிவில் இருந்தவன் செய்கிற வேலையா இது!

மறுநாள் விடியற்காலை ஐந்தரை மணிக்கு பீச் ரோட்டுக்குப் போனேன். ஏழரை வரைக்கும் வண்டி விட மாட்டார்கள், நடுரோட்டில் நின்று எடுக்கலாம். காந்தி சிலையைச் சுற்றி நிற்கிற கல் தூண்கள் செஞ்சியிலிருந்து வந்தவை. இத்தனை வருஷம் அதைச் சுற்றி வாக்கிங் போயிருக்கிறேன். சூரியன் கடல் மட்டத்தில் இருக்கும்போது வெளிச்சம் பக்கவாட்டில் விழுந்து, அதில் இருக்கும் செதுக்கு வேலை எல்லாம் எழுந்து நின்றது. ஒன்பது மணிக்குப் போனால் ஒன்றும் தெரியாது. அங்கிருந்து பாரதி பூங்காவுக்கு வந்து ஆயி மண்டபத்தை எடுத்தேன். வெள்ளை மண்டபம் அழுக்குச் சாம்பலாக வந்தது. கேமரா கெட்டுவிட்டதோ என்று பயந்துவிட்டேன். கெடவில்லை. எதிரில் இருப்பது எதுவானாலும் அது மொத்தத்தில் நடுத்தரச் சாம்பல் நிறம் என்று வைத்துக்கொண்டுதான் கேமரா வெளிச்சத்தை அளக்கிறது. வெள்ளையைப் பார்த்தால் ‘வெளிச்சம் ஜாஸ்தி’ என்று குறைத்துவிடும். கூட்டல் கழித்தல் போட்ட ஒரு திருகு இருக்கும், அதைக் கூட்டல் பக்கம் ஒன்றுக்கு நகர்த்தினால் வெள்ளை வெள்ளையாக வரும். கறுப்புச் சுவரின் முன்னால் நிற்கிற மாநிறக்காரரை எடுத்தால் இதற்கு நேர் எதிர். கழித்தல் பக்கம் போக வேண்டும். இல்லாவிட்டால் அவருடைய நிறமே மாறிவிடும். நம் ஊர் முகங்களை வெளுப்பாக்கிக் காட்டுகிற வேலையை கேமராவிடம் விடக் கூடாது என்று எனக்கு ஒரு பிடிவாதம்.

எட்டு மணிக்குப் பெரிய மார்க்கெட். மீன் பக்கம் எப்போதும் அரைவெளிச்சம். உண்மையான பரீட்சை அங்கேதான். ஐஎஸ்ஓ 1600-க்கு ஏற்றி, ஷட்டரை நொடியில் 125-இல் ஒரு பங்குக்கு வைத்தேன், இல்லாவிட்டால் மீன் வெட்டுகிற கை கலங்கிப்போகும். ஒரு அம்மாவிடம் எடுக்கலாமா என்று கேட்டேன். “எடுத்துக்கினு போயி எங்க சார் போடப்போற?” என்றார். “எங்கேயும் போடலம்மா, உங்களுக்குத்தான் குடுப்பேன்” என்றேன். “எல்லாரும் இப்பிடித்தான் சொல்லிட்டுப் போறாங்க. வெள்ளக்காரன் எவ்ளோ பேரு எடுத்தான் தெரியுமா, ஒருத்தன் ஒரு படம் குடுத்தது இல்ல” என்றார். மறுவாரம் பிரிண்ட் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினார். ரொம்ப நேரம் பார்த்தார். “நெத்தித் தழும்புகூட வந்திருக்கு பாரு” என்று பக்கத்துக் கடைக்காரம்மாவிடம் காட்டினார். எனக்கு அன்றைக்குப் பணம் செரித்துவிட்டது. ஏசி பற்றி வீட்டிலும் அதற்குப் பிறகு பேச்சில்லை. அந்த அம்மா கொடுத்த வஞ்சிரமும் அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம்.

அந்த மார்க்கெட்டை இடித்துக் கட்டுவதா வேண்டாமா என்று வருஷக்கணக்காகப் பேச்சு நடக்கிறது. எனக்கு அதில் அபிப்பிராயம் சொல்லத் தெரியாது. ஆனால் மேரி கட்டடத்தை யோசித்துப் பாருங்கள். பிரெஞ்சுக்காரர் காலத்து நகராட்சிக் கட்டடம், கடற்கரையைப் பார்த்தபடி நூற்று நாற்பது வருஷத்துக்கு மேல் நின்றது. 2014 நவம்பர் மழையில் ஒரே நாளில் இடிந்து விழுந்தது. 2021-ல் பழைய மாதிரியே கட்டித் திறந்துவிட்டார்கள், நன்றாகத்தான் இருக்கிறது. பிறப்புச் சான்றிதழ் வாங்க நானே எத்தனையோ முறை அந்தப் பழைய படியில் ஏறியிருக்கிறேன். என்னிடம் ஒரு படம்கூட இல்லை. தினமும் பார்க்கிறதை யார் படம் எடுப்பார்கள்? நம் ஊர் செயின்ட் லூயி தெருவில் இருக்கும் பிரெஞ்சு நிறுவனத்தில் தென்னிந்தியக் கோயில்களின் படங்கள் மட்டும் ஒரு லட்சத்துக்கு மேல் வைத்திருக்கிறார்கள். அங்குள்ளவர்கள் பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு, தமிழ்நாட்டுப் பழைய ஸ்டூடியோக்களில் மிஞ்சியிருந்த குடும்பப் படங்களையும் கண்ணாடித் தகடுகளையும் தேடி டிஜிட்டல் பிரதி எடுத்திருக்கிறார்கள். கோயிலுக்குச் சமமாக, யாரோ ஒரு வீட்டுப் பாட்டியின் படமும் காப்பாற்ற வேண்டிய பொருள் என்று அவர்களுக்குத் தோன்றியிருக்கிறது பாருங்கள்.

கேமராவைப் பராமரிப்பது பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். நம் ஊருக்கு இரண்டு எதிரி, உப்புக்காற்றும் ஈரமும். பீரோவில் துணிக்குள் சுற்றி வைத்தால் லென்ஸில் பூஞ்சை பிடிக்கும். மூடி இறுக்கமாக இருக்கிற பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு வையுங்கள். அரிசிக்குள் புதைக்காதீர்கள், மாவுத்தூள் உள்ளே போகும். ஏசி அறையிலிருந்து நேராக வெளியே எடுத்துப் போனால் லென்ஸ் வியர்க்கும், பையிலேயே வைத்துக் கால்மணி நேரம் விட்டு எடுங்கள். கடற்கரை மணலில் வைக்கவே வைக்காதீர்கள். ஒரு மணல் போதும் லென்ஸ் சிக்கிக்கொள்ள. பேட்டரி ஒன்று கூடுதலாக வாங்குங்கள், சார்ஜ் ஒன்றுக்கு இருநூறு சொச்சம் படம்தான் வருகிறது.

எடுத்த படத்துக்கு மூன்று பிரதி வேண்டும். ஒன்று கம்ப்யூட்டரில், ஒன்று தனி ஹார்ட் டிஸ்கில், ஒன்று வேறு ஊரில் இருக்கிற பிள்ளையிடம். 2024 நவம்பர் 30 ஃபெஞ்சல் புயலை மறந்திருக்க மாட்டீர்கள். ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. தரைத்தளத்து நண்பர் ஒருவரின் கல்யாண ஆல்பம் நனைந்து ஒரே கட்டியாக ஒட்டிக்கொண்டது. பிரித்தால் முகம் எதிர்ப்பக்கத்தோடு போய்விடுகிறது. அவர் இன்னும் அதைத் தூக்கிப் போடாமல் வைத்திருக்கிறார். நெகட்டிவ் இருந்த இடம் யாருக்கும் தெரியவில்லை.

இப்போது நான் கேட்க வந்த விஷயம். நம் மூன்று பிளாக்கிலும் சேர்த்து எழுபத்தைந்து வயதுக்கு மேற்பட்டவர்கள் பத்தொன்பது பேர் இருக்கிறார்கள், செயலாளர் பட்டியல் கொடுத்தார். வாட்ச்மேன் அண்ணனைப் போன மாசமே எடுத்துவிட்டேன், கேட் பக்கத்து வேப்பமர நிழலில், சாயங்காலம் நாலு மணிக்கு. பிரிண்ட்டை அவர் ஊருக்கு அனுப்பிவிட்டார். மற்றவர்களை எடுக்க ஆசைப்படுகிறேன். வருகிற ஞாயிறு காலை எட்டு முதல் பத்து வரை இந்த ஹாலின் கிழக்கு ஜன்னல் ஓரத்தில் நாற்காலி போட்டிருப்பேன். திரைச்சீலை வழியாக வருகிற வெளிச்சம் அங்கே நன்றாக இருக்கிறது, மூன்று நாள் பார்த்துவிட்டேன். நடக்க முடியாதவர்கள் வீட்டுக்கு நானே வருகிறேன். ஆளுக்கு ஒரு பிரிண்ட் என் செலவு, கூடுதலாக வேண்டுமென்றால் லேபுக்குக் கொடுக்கிற காசை மட்டும் கொடுங்கள்.

பவுடர் வேண்டாம். பல் செட் வேண்டுமென்றால் போட்டுக்கொள்ளட்டும், கட்டாயமில்லை. மருமகள்கள் தயவுசெய்து பட்டுப்புடவை கட்டிவிட்டு அனுப்பாதீர்கள், அவர்கள் தினம் உடுத்துவதையே உடுத்தி வரட்டும். மூக்குக்கண்ணாடியையும் கழற்ற வேண்டாம்.

ஏ பிளாக் முதல் மாடி அம்மா இப்போதே, “என் மூஞ்சிய எதுக்குப்பா” என்று கையாட்டுகிறார். அம்மா, உங்களுக்குத்தான் முதல் நாற்காலி. எட்டு மணிக்கு வந்துவிடுங்கள்.